நாரி ஊசிக்குப் பிறகு சலம் போகாத மாலை

சென்ற ஆண்டு, எனது 61 ஆவது வயதில், கொழும்பிலுள்ள ஒரு தனியார் வைத்தியசாலையில் குடலிறக்கத்துக்கான சத்திரசிகிச்சையைச் செய்துகொண்டேன். காலையில் அனுமதி, மாலையில் வீடு என்பதே ஏற்பாடு என்பதால், வெள்ளவத்தையிலிருந்து புறப்படும்போது மாற்றுடுப்புக்கூட எடுக்கவில்லை.

ஒன்பதரை மணியளவில், இடுப்புக்குக் கீழே விறைக்கச் செய்வதற்காக நாரியில், அதாவது கீழ்முதுகில், ஊசி போட்டார்கள். பன்னிரண்டரைக்குக் கால்விரல்கள் அசைந்தன. இரண்டு மணிக்கு மகனின் தோளைப் பிடித்தபடி நடந்தேன். வீட்டுக்குப் போக ஆயத்தமானபோது, "ஐயா, சலம் போனதா?" என்று, சிறுநீர் கழித்தேனா என்பதைத் தாதி கேட்டார். போகவில்லை, போகவேண்டும் என்ற உணர்வே இருக்கவில்லை. அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டதுதான் என் பிழை. சலப்பையை ஆளும் நரம்புகள் முள்ளந்தண்டின் அடியிலுள்ள திருவென்புப் பகுதியைச் சேர்ந்தவை என்றும், கால்கள் நடக்கத் தொடங்கிய பின்னரும் விறைப்பு மருந்தின் பிடி அவற்றில் நீடிக்கலாம் என்றும், அதுவரை பை நிரம்பினாலும் நமக்குத் தெரியாது என்றும் மயக்கமருந்து வைத்தியர் பின்னர் விளக்கினார். இதற்கிடையில் ஒரு லீற்றருக்கு மேல் சேலைன் ஏறியிருந்தது. போதாக்குறைக்கு, விரைவில் போகட்டும் என்று நானே இரண்டு இளநீர் குடித்திருந்தேன்!

பக்கத்துக் கட்டிலில், அதே ஊசியுடன் முழங்கால் சத்திரசிகிச்சை செய்துகொண்ட இளைஞர் மூன்று மணிக்கே சலம் போய்விட்டு வீடு திரும்பினார். நானோ தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, நின்றும் இருந்தும் முயன்றும், சில துளிகளுக்கு மேல் காணவில்லை. நாலரைக்கு அடிவயிற்றை ஸ்கான் செய்தபோது 650 மில்லிலீற்றர் தேங்கியிருந்தது. சலத்தை வடித்தெடுக்க உள்ளே செலுத்தும் மெல்லிய குழாயான கதீற்றர் என்றதும் மறுத்தேன். வெட்கம் பாதி, பயம் பாதி. அளவுக்கு மீறி விரிந்தால் பையின் தசை தளர்ந்து, நாட்கணக்கில் சிரமப்பட நேரிடலாம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்ன பிறகே சம்மதித்தேன். ஒருமுறை வடித்தெடுத்தவுடன் குழாயை அகற்றிவிட்டார்கள். நான் அஞ்சியதில் கால்வாசி வலிகூட இல்லை.

அன்றிரவு அங்கேயே தங்கவைத்தார்கள். பத்து மணிக்குப் பிறகு தானாகவே போனது. தாதி அளவுப் பாத்திரத்தில் பிடித்து 300 என்று எழுதிக்கொண்டார்.

சில வருடங்களாக இரவில் மூன்று நான்கு தடவை எழும்புவதையும், சலம் மெலிந்து போவதையும் முன்பரிசோதனையில் நான் சொல்லவில்லை. வயதின் கோளாறு என்று விட்டிருந்தேன், அவர்களும் கேட்கவில்லை. சலப்பைக்குக் கீழேயுள்ள புரஸ்டேட் சுரப்பி வீங்கியவர்களுக்கு இத்தகைய தடை ஏற்படும் வாய்ப்பு அதிகமாம். பின்னர் சலம் இலகுவாகப் போக உதவும் டம்சுலோசின் என்ற மருந்தை எழுதித் தந்தார்கள். இப்போது இரவில் ஒரு தடவைதான் எழும்புகிறேன்.