கண்மாய்க் கரை லெவலில் 46 மி.மீ. குளோசிங் எரர்: எங்கே தேடுவது?

வணக்கம். திருமங்கலம் பக்கம் ஒரு கண்மாய்க் கரைக்கு ஆட்டோ லெவல் (உயர வித்தியாசம் பார்க்கும் கருவி) ஓட்டினோம். பெஞ்ச்மார்க்கில் (உயரம் தெரிந்த புள்ளி) தொடங்கிக் கலுங்கு (உபரி நீர் வழியும் இடம்) வரை 2 கி.மீ., திரும்பவும் அதே வழி. மொத்தம் 4 கி.மீ. திரும்பி வந்து சேரும்போது தொடங்கிய உயரத்தோடு வரும் வித்தியாசம்தான் குளோசிங் எரர். 12√கி.மீ. கணக்குப்படி அது 24 மி.மீ. வரை விடலாம், வந்ததோ +46, அதாவது தொடங்கியதைவிட 46 மி.மீ. உயரமாக.

கூட்டல் கழித்தல் சரி. பேக்சைட் (பின்னால் உயரம் தெரிந்த புள்ளியில் எடுக்கும் ரீடிங்) கூட்டுத்தொகையில் ஃபோர்சைட்டை (முன்னால் புதுப் புள்ளியில் எடுப்பது) கழித்தால் ஆர்.எல். (புள்ளியின் உயரம்) வித்தியாசம் அப்படியே நிற்கிறது. ஆனால் அது புத்தகக் கணக்கை மட்டும்தான் பிடிக்கும், தப்பாகப் படித்த ரீடிங்கைப் பிடிக்காது.

டூ-பெக் டெஸ்ட் (இரண்டு முளை வைத்துக் கருவியின் பார்வைக் கோடு சரிமட்டமா என்று பார்ப்பது): 60 மீ. இடைவெளியில் நடுவில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் 0.245. ஒரு முளைக்கு 3 மீ. தள்ளி வைத்தால் 0.249, தூரத்து ஸ்டாஃப் (அளவுகோல்) 4 மி.மீ. கூடுதலாகப் படிக்கிறது. சீமைக்கருவேல் மறைப்பால் ஃபோர்சைட் எல்லாம் குட்டை. ஸ்டேடியாப்படி (கருவிக்குள் தெரியும் தூரம் கணக்கிடும் கோடுகள்) பேக்சைட் தூரம் மொத்தத்தில் 300 மீ. அதிகம், ஆக 20 மி.மீ. இதிலேயே போகிறது. மிச்சம் 26.

இரண்டாம் மடைக் கல்லில் போக, வர எடுத்த ஆர்.எல்.களுக்குள் 33 மி.மீ. வித்தியாசம். அதாவது பெரும்பங்கு கலுங்குப் பக்கக் கடைசி 600 மீட்டருக்குள். அங்கே புதிதாக வெட்டிப் போட்ட கரிசல். தட்டு வைக்காமல் மண்ணிலேயே ஸ்டாஃப் நிறுத்தினால், ஃபோர்சைட்டுக்கும் பேக்சைட்டுக்கும் நடுவில் அமுங்கி ஆர்.எல். ஏறத்தானே செய்யும்?

இரண்டு கேள்வி:

அந்த 600 மீட்டரை மட்டும் இரும்புத் தட்டு வைத்துப் போக வர மறுபடி எடுத்தால் போதுமா, முழுசும் ஓட்ட வேண்டுமா?

20 மி.மீ. திருத்தத்தைக் கணக்கில் போட்டால் செக்கிங்கில் ஏற்பார்களா? கிராஸ்-ஹேர் (கருவிக்குள் தெரியும் குறுக்குக் கோடு) அட்ஜஸ்ட் செய்துவிட்டு எடுப்பதே நல்லது என்பது என் எண்ணம். மடை அடிமட்டம் இதை நம்பித்தான் இருக்கிறது. கரிசலில் லெவல் ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.