மலையில் மழை, கீழே வெயில்: ஆற்றங்கரையில் கண்டவை

வைகைக்கரையான்:
பெரியகுளம் பக்கம் கொடைக்கானல் மலையடியில் உள்ள கும்பக்கரை அருவியை நம்மில் பலரும் அறிவார்கள் என்பதால் இடத்தை விவரிக்கவில்லை. பிள்ளைகள் தண்ணீர் ஆழமாகத் தேங்கும் கசத்தில் குளித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தலைமேல் வெயில் சுள்ளென்று அடிக்க, கொடைக்கானல் பக்க முகடு மட்டும் கறுத்திருந்தது. அடியிலிருந்த கூழாங்கல் வரை தெரிந்த தண்ணீரில் ஓர் ஓரமாகச் செம்மண் கலங்கல் இறங்கியது, அதன் பின்னே சருகும் சுள்ளியும் வந்தன. வனக் காவலர் விசில் ஊதி, "சாமானை விட்டுட்டு மேல ஏறுங்க!" என்று கத்தினார். கரையேறித் திரும்பிப் பார்த்தபோது, சற்றுமுன் என் மகள் உட்கார்ந்திருந்த பாறை தண்ணீருக்குள் இருந்தது. இன்றும் கலங்கல் நீரைப் பார்த்தால் அந்தப் பாறைதான் நினைவுக்கு வருகிறது.

சாப்டூரான்:
சதுரகிரி மலையிலுள்ள மகாலிங்கம் கோயிலில் ஆடி அமாவாசை முடிந்து இறங்கும்போது ஓடையில் நீர் கூடியிருந்ததால், கயிறு கட்டி ஒவ்வொருவராகக் கடக்க வைத்தார்கள். எனக்கு முன்னால் சென்ற வயதான அம்மா நடு ஓடையில் கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் நீரை அள்ளித் தலையில் தெளித்து, "மகாலிங்கம், கரை சேர்த்துரு சாமி" என்றார். பின்னால் நின்ற எங்களுக்கு மூச்சே நின்றுவிட்டது. அவர் முகத்தில் பயம் சிறிதும் இல்லை.

உசிலை வாசகர்:
முதல் பதிவருக்கு நேர்ந்ததை மறுக்கவில்லை. ஆனால் நாங்கள் குடும்பத்தோடு விடியலில் கிளம்பிக் கும்பக்கரைக்குப் போன அன்று, அருவி வழக்கம்போல் விழுந்துகொண்டிருந்தும் நீர்வரத்து அதிகம் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். குளிக்க வேண்டாம், தள்ளி நின்று பார்க்கவாவது விட்டிருக்கலாம் அல்லவா? சின்னவன் பேருந்து ஏறும்வரை அழுதான்.

பெரியகுளத்துக்காரன்:
உசிலை நண்பரே, வாசலில் நின்று பார்த்து ஆற்றை எடைபோட முடியாது. கும்பக்கரைக்கு வரும் பாம்பாறு கொடைக்கானல் மலைச்சரிவில் சேரும் நீர். சரிவு செங்குத்து என்பதால் மேலே கொட்டும் மழை ஊறி நிற்க இடமின்றி ஓடைகளில் திரண்டு பாய்ந்துவிடும். கீழே வானம் தெளிந்திருப்பது எதற்கும் உத்தரவாதமில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எல்லோரும் எச்சரிக்கையாகவே இருப்பார்கள். பிற்பகலில் திடீரென்று இறங்கும் கோடை மழைதான் ஏமாற்றும். சதுரகிரியில் வெள்ளம் பக்தர்களின் உயிரைப் பறித்தது 2015 மே மாதத்தில் என்பதை மறந்துவிட வேண்டாம். நீர் நிறம் மாறினாலோ, சருகு மிதந்து வந்தாலோ, மேலிருந்து வரும் இரைச்சல் கனத்தாலோ, செருப்பையும் கைப்பேசியையும் தேடாமல் அருகிலுள்ள கரையில் ஏறிவிட வேண்டும். எதிர்க்கரையில் சொந்தக்காரர்கள் நின்றாலும் குறுக்கே கடக்கக் கூடாது. ஆற்று நடுவிலுள்ள பாறையைப் பாதுகாப்பான இடமாக நினைக்கவே கூடாது, ஏனெனில் முதலில் துண்டிக்கப்படுவது அதுதான். என் அனுபவம் சிறியது: மாந்தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்ச மோட்டார் போடப் போன நண்பகலில், ஒரு சொட்டு மழையில்லாமல், பக்கத்து ஓடை கரைதொட்டு ஓடியதைப் பார்த்தேன்.

தெப்பக்குளத்தான்:
எங்களையும் ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். வருத்தத்தோடு பெரியகுளம் பக்கத்திலுள்ள சோத்துப்பாறை அணைக்குப் போனோம். அணை அதன் முழு உயரமான 126 அடியைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது. வழியும் நீர் சுவரில் வெள்ளையாக இறங்க, சாரல் எங்கள் சட்டை வரை வந்து நனைத்தது, பின்னால் மலை முழுக்கப் பச்சை. பிள்ளைகள் கும்பக்கரையைக் கேட்கவே இல்லை. ஆனாலும் உசிலை நண்பர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. தடை விதிக்கும் நாளில் அந்தச் செய்தியை மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்திலேயே எழுதி வைத்தால், அவ்வளவு தூரம் போய் ஏமாறாமல் ஜனங்கள் வேறு இடத்துக்குப் போய்க்கொள்வார்கள்.