லேசர் புரொஜெக்டர்: எழுத்து மங்கல், முகமெல்லாம் சிவப்பு. திருப்பி அனுப்பலாமா? (அவசரம்)

மாசிவீதி | வெள்ளி, இரவு 10.42
வணக்கம். அப்பா வீட்டிலேயே படம் பார்ப்பதற்காகச் சிறிய லேசர் புரொஜெக்டர் ஒன்று வாங்கினோம். 4கே என்று போட்டிருந்தார்கள். படத்தின் வலப்பக்கம் எழுத்துகள் மங்கலாக இருக்கின்றன. எல்லோருடைய முகமும் சிவப்பாகத் தெரிகிறது என்று அப்பா சொல்கிறார், அண்ணனும் அதையே சொல்கிறான். எனக்கு அவ்வளவாகத் தெரியவில்லை. வெள்ளைக் காட்சி வந்தால் சுவரில் மணல் மினுமினுப்பது போல இருக்கிறது. திருப்பி அனுப்ப ஞாயிறு மாலை வரைதான் அவகாசம். கருவியில் கோளாறா? தெரிந்தவர்கள் விரைவாகச் சொல்லுங்கள்.

கடைசி_வரிசை | வெள்ளி, இரவு 10.55
எந்த மாடல்? சுவரிலிருந்து எவ்வளவு தூரம்? படத்தின் அகலம் எவ்வளவு? நேராக வைத்திருக்கிறீர்களா, சாய்வாகவா? சுவரா, திரையா? படம் எதிலிருந்து ஓடுகிறது? விளக்கு அணைத்திருந்ததா? இவற்றைச் சொல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது.

கம்பிக்காரர் | வெள்ளி, இரவு 11.03
மின்னழுத்தத்தை அளந்தீர்களா? இரவில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும் நேரம் 180 வோல்ட் வரை இறங்குகிறது. லேசருக்குச் சீரான மின்சாரம் வேண்டும். முதலில் நல்ல ஸ்டெபிலைசர் போடுங்கள், பிறகு கருவியைக் குறை சொல்லலாம்.

ஒளியளவு | வெள்ளி, இரவு 11.20
தம்பி, இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை விளக்கம் கொடுத்தாயிற்று. வாங்குவதற்கு முன் பழைய இழைகளைப் படித்திருந்தால் இந்த அவசரம் வந்திருக்காது. பெட்டியில் எழுதியிருப்பது எந்த லூமன் (ஒளியின் அளவு) என்று பாருங்கள். அன்சி லூமன் என்பது திரையை ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் ஒளியையும் அளந்து, சராசரி எடுத்து, படத்தின் பரப்பால் பெருக்கிச் சொல்வது. அந்தச் சொல் இல்லாமல் வெறும் "லூமன்" என்று ஆயிரக்கணக்கில் போட்டிருந்தால் அந்த எண்ணை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. "4கே ஆதரவு" என்பதும் அப்படித்தான். 4கே சமிக்ஞையை உள்ளே வாங்கிக்கொள்ளும் என்பது மட்டுமே அதன் பொருள். வெளியே வருவது அதைவிடத் தெளிவு குறைந்த 1080 ஆகவும் இருக்கலாம்.

உட்லண்ட்ஸ் | சனி, காலை 6.48
கம்பிக்காரர் ஐயா, இன்றைய சிறிய புரொஜெக்டர்களின் அடாப்டர் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். எந்த அழுத்தம் உள்ளே வந்தாலும் கருவிக்குப் போவது ஒரே டிசி அழுத்தம்தான். படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்குவதற்கு மின்சாரம் எப்படிக் காரணமாகும்?

கம்பிக்காரர் | சனி, காலை 7.15
அடாப்டரில் அச்சடித்திருப்பது வேறு, நம் ஊர் மின்கம்பி வேறு. மின்வெட்டு வந்த நொடியில் விளக்கு வெடித்த புரொஜெக்டரை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். அணைத்த பிறகும் உள்ளே விசிறி ஓடிச் சூடு தணிய வேண்டும். மின்சாரம் நின்றால் விசிறியும் நின்றுவிடும்.

உட்லண்ட்ஸ் | சனி, காலை 7.31
அது பாதரச விளக்கு வைத்த பழைய வகை. அதற்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. லேசரில் அந்த விளக்கே இல்லை. அணைத்த உடனே எடுத்து வைக்கலாம்.

மாசிவீதி | சனி, காலை 9.10
எல்லோருக்கும் நன்றி. மாடல் பெயரைப் பொதுவில் எழுத விரும்பவில்லை. பெட்டியில் இருப்பது: மூவண்ண லேசர், 0.47 அங்குல டிஎல்பி சிப் (நுண்கண்ணாடிகளால் படத்தை உருவாக்குவது), வீச்சு விகிதம் (தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் வருவது) 1.2. சுவரிலிருந்து 9 அடி. சோபாவுக்கு இடப்பக்கம் உள்ள சிறு மேசையில் வைத்து, சுவரின் நடுவை நோக்கித் திருப்பியிருக்கிறோம். படத்தை அதுவே நேரான செவ்வகமாக்கிக்கொள்கிறது. அகலம் 185 செ.மீ. வெளிர் மஞ்சள் சுவர், திரை இல்லை. அதற்குள்ளேயே இருக்கும் செயலிகளில்தான் பார்க்கிறோம்.
ஒளியளவு ஐயாவுக்கு: நான் தம்பி இல்லை, தங்கை.

கடைசி_வரிசை | சனி, காலை 9.45
இப்போது விளங்குகிறது. 9 அடி என்றால் 274 செ.மீ. அதை 1.2-ஆல் வகுத்தால் படத்தின் அகலம் 228 செ.மீ வர வேண்டும், அதாவது மூலைக்கு மூலை 103 அங்குலப் படம். உங்களுக்கு வருவது 185 மட்டுமே. மீதி அகலத்தைக் கீஸ்டோன் திருத்தம் (கோணலாக விழும் படத்தை மென்பொருள் நேராக்குவது) தின்றுவிட்டது.

பக்கவாட்டில் வைத்துத் திருப்பினால் இரண்டு தீங்குகள். ஒன்று, படம் சரிவகமாக விழும். அதை நேரான செவ்வகமாக்க மென்பொருள் படத்தைச் சிப்பின் ஒரு பகுதிக்குள் சுருக்குகிறது. சிப்பின் வடிவம் மாறாது. உங்கள் கணக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புள்ளிகள் வீணாகின்றன. ஒளியும் அதே அளவு போகிறது. இரண்டு, சுவரின் இடப்பக்கம் கருவிக்கு அருகில், வலப்பக்கம் தூரத்தில். லென்ஸால் ஒரே தளத்தில்தான் குவிக்க முடியும். இடப்பக்கம் கூர்மையானால் வலப்பக்கம் மங்கத்தான் செய்யும். எந்த மென்பொருளாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

இன்று இரவு இப்படிச் செய்து பாருங்கள். கருவியைச் சுவரின் நடுவுக்கு நேரே, சாய்க்காமல் வையுங்கள். தானியங்கிக் கீஸ்டோன், தடை தவிர்த்தல், திரைக்குப் பொருத்துதல் ஆகிய மூன்றையும் அணைத்துவிட்டு, குவியத்தைக் கையால் சரிசெய்யுங்கள். படம் சற்று மேலே கீழே விழுந்தாலும் இன்றைக்குப் பரவாயில்லை. சிறு எழுத்துகள் நிறைந்த பக்கம் ஒன்றைப் போட்டு நான்கு மூலைகளையும் பாருங்கள். நேராக வைத்த பிறகும் ஒரு மூலை மங்கினால் அது லென்ஸ் கோளாறு, தயங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

இன்னொன்று. உள்ளிருக்கும் செயலியை நம்பித் தெளிவை எடைபோடாதீர்கள். கருவிக்கு வைட்வைன் எல்1 என்னும் நகல் பாதுகாப்புச் சான்று இல்லாவிட்டால் பல ஓடிடி சேவைகள் 480 என்னும் குறைந்த தெளிவில்தான் படத்தை அனுப்பும். பென் டிரைவில் உங்கள் கைப்பேசியில் எடுத்த நல்ல 4கே காணொளி ஒன்றைப் போட்டுப் பாருங்கள்.

திண்டுக்கல்_பூட்டு | சனி, காலை 10.05
இவ்வளவு பாடு எதற்கு? அதே பணத்தில் 75 அங்குல டிவி வாங்கிவிடலாமே. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய டிவிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. பகலிலும் பார்க்கலாம், கறுப்பும் கறுப்பாகவே தெரியும்.

வெண்திரை | சனி, காலை 10.22
ஜிஎஸ்டி குறைந்தது புரொஜெக்டருக்கும்தான், அதே நாளில். 75 அங்குலத்தையும் 100 அங்குலத்தையும் அருகருகே யோசித்துப் பாருங்கள், பரப்பு ஏறத்தாழ 1.8 மடங்கு. குடும்பமே தரையில் பாய் விரித்து உட்கார்ந்து பார்க்கும் வீட்டில் அந்த வேறுபாடு பெரிது. எங்கள் மாடிப்படியில் 75 அங்குலப் பெட்டி திரும்பவே திரும்பாது.

திண்டுக்கல்_பூட்டு | சனி, காலை 10.30
குழல்விளக்கு எரிந்தால் உங்கள் 100 அங்குலம் வெளுத்துவிடும். அம்மா காய் நறுக்கிக்கொண்டே பார்க்க வேண்டாமா?

வெண்திரை | சனி, காலை 10.41
படம் பார்க்கும் நேரத்தில் விளக்கை அணைக்க வேண்டும், அதற்குத்தானே புரொஜெக்டர். வெளிர் மஞ்சள் சுவரில் நிறத்தை எடைபோடவே கூடாது. பளபளப்பில்லாத வெள்ளைத் திரை ஒன்று வாங்கினால் இந்த இழையில் உள்ள பாதிக் குறைகள் தீரும்.

ஒளியளவு | சனி, காலை 11.15
தங்கை என்று தெரியாது, அம்மா. இனி கவனம்.

மேலே நடப்பது வீண் வாதம், அதை விடுங்கள். திரையரங்குகளில் வெள்ளைக்கு வைத்திருக்கும் அளவுகோல் சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா (திரை ஒளிர்வின் அலகு). 100 அங்குலப் படத்தின் பரப்பு 2.75 சதுர மீட்டர். சாதாரண வெள்ளைத் திரையில் அந்த ஒளிக்கு 415 லூமன் போதும். ஆக, இருட்டறையில் 500 உண்மையான அன்சி லூமன் தாராளம். விளக்கு எரியும் அறையில் 2,000 கூடத் திணறும். இரண்டு பேர் சொல்வதும் அவரவர் அறைக்குச் சரி.

இனி உங்கள் சிவப்பு. மூவண்ண லேசர் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நேற்றே விடை கிடைத்திருக்கும். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். முதலாவது, இந்த லேசர்களின் நிற எல்லை மிக அகலம். சாதாரணப் படங்கள் பிடி.709 என்னும் குறுகிய நிற எல்லைக்காகத் தயாராகின்றன. "விவிட்" போன்ற முறையில் வைத்தால் கருவி அதையும் இழுத்து விரித்துக் காட்டும். முகங்கள் வெயிலில் கன்றியது போலாகும். "சினிமா" முறைக்கு மாற்றினால் இது அடங்க வேண்டும்.

இரண்டாவது, கண். லேசரின் ஒவ்வொரு நிறமும் மிகக் குறுகிய அலைநீளத்தில் வருகிறது. அதனால் ஒருவர் கண்ணுக்கும் மற்றவர் கண்ணுக்கும் உள்ள சிறு வேறுபாடுகூடப் பெரிதாகத் தெரியும். ஒரே வெள்ளை ஒருவருக்கு இளஞ்சிவப்பு, அடுத்தவருக்குப் பச்சைச் சாயல். அப்பாவுக்குக் கண்புரை அறுவை செய்திருக்கிறதா? வயதாக ஆகக் கண்வில்லை மஞ்சளாகி நீல ஒளியைக் கூடுதலாக உறிஞ்சும். அறுவையில் வைக்கும் வில்லையோ தெளிவானதும் உண்டு, மஞ்சள் சாயம் ஏற்றியதும் உண்டு. ஒரு கண்ணில் மட்டும் அறுவை நடந்திருந்தால், ஒவ்வொரு கண்ணாக மூடி வெள்ளைப் படத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சொல்வதை அப்படியே நம்புங்கள். "உங்களுக்குத்தான் அப்படித் தெரிகிறது" என்று தள்ளிவிடாதீர்கள், கருவி அவருக்காக வாங்கியது.

கடைசி_வரிசை | சனி, பகல் 12.02
ஒளியளவு சொல்வதுடன் உடன்படுகிறேன். அந்த மணல் மினுமினுப்பும் லேசருக்கே உரியதுதான். ஒத்த அலைகள் சொரசொரப்பான சுவரில் பட்டுத் தமக்குள் குறுக்கிட்டு உண்டாக்கும் புள்ளிகள் அவை. வெள்ளைப் படத்தை நிறுத்திவைத்துத் தலையை மெல்ல அசையுங்கள். புள்ளிகளும் நகர்ந்தால் லேசர் மினுமினுப்பு. நகராமல் நின்றால் சுவரின் சொரசொரப்பு அல்லது தூசி. வெண்திரை ஐயா, பளபளப்பும் ஒளிக்கூட்டலும் உள்ள திரைகளில் இது கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ் | சனி, பகல் 12.20
முகத்தின் சிவப்பும் மினுமினுப்பும் பொறுக்க முடியவில்லை என்றால் லேசர் பாஸ்பர் வகையைப் பார்க்கலாம். நீல லேசர் ஒன்றே ஒளிமூலம், அது பாஸ்பர் என்னும் ஒளிரும் பூச்சில் பட்டு மஞ்சள் ஒளியாகிறது. அந்த ஒளி அகலமான பட்டையில் வருவதால் கண்ணுக்குக் கண் வேறுபாடு குறைவு, மினுமினுப்பும் குறைவு. நிறச் செறிவு மூவண்ண லேசரை எட்டாது. ஒற்றைச் சிப் டிஎல்பி எதுவானாலும் நிறங்களை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் காட்டும் என்பதால், சிலருக்கு வெள்ளை எழுத்தின் ஓரத்தில் வானவில் கீற்று தெரியும். அப்பாவுக்கு அது தெரிகிறதா என்றும் கேட்டு வையுங்கள்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் லென்ஸுக்குள் எட்டிப் பார்க்க விடாதீர்கள். தானே அணையும் வசதி இருந்தாலும் அதை நம்ப வேண்டாம்.

கம்பிக்காரர் | சனி, மாலை 4.37
இத்தனை பேர் எழுதியும் அழுத்தம் எவ்வளவு என்று இதுவரை ஒருவரும் அளக்கவில்லை.

மாசிவீதி | ஞாயிறு, காலை 11.50
நடுவில் நேராக வைத்து, திருத்தங்களை அணைத்தோம். வலப்பக்க எழுத்து தெளிவாகிவிட்டது, படமும் பெரிதாகிவிட்டது. சினிமா முறைக்கு மாற்றியதும் அண்ணனுக்குச் சிவப்புப் போய்விட்டது. அப்பாவுக்குப் போகவில்லை. வலக்கண்ணில் மட்டும் அறுவை செய்திருக்கிறார். இரண்டு கண்ணிலும் வெவ்வேறு வெள்ளையாகத் தெரிகிறதாம். தலையை அசைத்தால் புள்ளிகளும் நகர்கின்றன. திருப்பி அனுப்பப் பதிவு செய்துவிட்டோம். அனைவருக்கும் நன்றி.

ஒளியளவு | ஞாயிறு, பகல் 12.15
சரியான முடிவு. அடுத்ததைக் கடையில் நேரில் பார்க்காமல் வாங்காதீர்கள். அப்பாவையும் அழைத்துப் போங்கள். முதலில் வெள்ளைப் படத்தைப் போடச் சொல்லுங்கள், விளம்பரக் காணொளியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வெண்திரை | ஞாயிறு, பகல் 1.08
பாஸ்பர் வகையில் எதைப் பார்க்கப் போகிறீர்கள்? திரை வாங்குவதாக இருந்தால் சுவரின் அகலத்தைச் சொல்லுங்கள், அளவு கணக்குப் போட்டுத் தருகிறேன்.

திண்டுக்கல்_பூட்டு | திங்கள், காலை 8.20
மாசிவீதி, பணம் திரும்பி வந்ததா?