ஹவுஸ் சர்ஜன்களை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆறு மாசம் போடலாமா?

பொன்னி:
எம்பிபிஎஸ் படிப்பு முடிச்சு ஒரு வருஷம் பயிற்சியில் இருக்கிற ஹவுஸ் சர்ஜன்களுக்கு இப்போ சமுதாய மருத்துவத்தில் 12 வாரம்தான் இருக்கு, அதை ஆறு மாசமாக்கி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே (பிஎச்சி) போடணும்னு இங்கே சிலர் கேட்கிறாங்க. நான் எதிர்க்கிறேன். வெள்ளைப்படுதுன்னு சொல்ல வந்த பொண்ணைச் சுத்தி நாலு பேர் நின்னா அவ வாய் திறப்பாளா? "வயித்து வலி"ன்னு மட்டும் சொல்லி மாத்திரை வாங்கிட்டுப் போயிடுவா. ரெண்டு மாசம் கழிச்சு முத்தின பிறகு ஜிஎச்சுக்குப் போவா. காசு கொடுத்து கிளினிக் போறவங்களைச் சுத்தி யாரும் நிக்கிறதில்லையே. கத்துக்க ஏழை உடம்புதானா கிடைச்சது?

மலையடி டாக்டர்:
அக்கா, கேட்காம நாலு பேரை நிறுத்தினா அது டாக்டரோட தப்பு, அதில் மாற்றுக்கருத்தே இல்லை. ஆனா பிஎச்சியில் கத்துக்கிறதை மெடிக்கல் காலேஜ் வார்டில் கத்துக்க முடியாது. நூறு நாள் வேலைக்குப் போற ஒரு அம்மா மயங்கி விழுந்தாங்க. வார்டில் சேர்த்தா "சுகர் இறங்கிடுச்சு"ன்னு எழுதி, குளுக்கோஸ் ஏத்தி அனுப்பிடுவாங்க. என்கூட இருந்த பயிற்சி டாக்டர் மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலரோட அவங்க வீட்டுக்கே போனார். காலையில் ஏழு மணிக்குக் கிளிமிபிரைடுங்கிற சுகர் மாத்திரை, வேலைக்கு நடை, சோறு பதினோரு மணிக்குத்தான். "சாப்பிடப் போறப்போ போடுங்கம்மா"ன்னு நேரத்தை மாத்தினோம். அதுக்கப்புறம் மயக்கம் வரலை. அந்தத் தம்பி இனி சுகர் மாத்திரை எழுதுறப்போ "எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க"ன்னு கேட்காம எழுத மாட்டார்.

ஓய்வுபெற்ற எம்.ஓ. (மருத்துவ அலுவலர்):
ரெண்டு பேரும் நேரத்தைப் பத்திப் பேசவே இல்லை. சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு பிஎச்சி, மலையில் 20,000 பேருக்கு. ஓபி முடியறதுக்குள்ள மதியம். ஒரு டாக்டர் முகாமுக்கோ மீட்டிங்குக்கோ போயிட்டா, மிச்சமிருக்கிறவர் ஓபி, பிரசவம், ரிப்போர்ட் எல்லாம் பார்க்கணும். இதுக்கு நடுவில் எப்போ சொல்லிக் கொடுப்பார்? பயிற்சி டாக்டர் ஓபி சீட்டு எழுதுற ஆளாத்தான் ஆவார். பாதிப் பேர் பிஜி நீட் (மேற்படிப்பு நுழைவுத் தேர்வு) புத்தகத்தோட வர்றாங்க, அவங்களைக் குறை சொல்லவும் முடியாது. அரசுப் பணியில் இருக்கிற டாக்டர்களுக்கு நம்ம மாநிலத்தோட பிஜி இடங்களில் 50% ஒதுக்கீடு இருக்கு. மாநிலங்கள் அப்படி ஒதுக்கலாம்னு 2020-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. நல்லதுதான், அதை நம்பித்தான் பலர் கிராமத்துக்கு வர்றாங்க. ஆனா சில வருஷத்தில் அவங்களும் பிஜிக்குப் போயிடுவாங்க. சொல்லிக் கொடுக்க யார் இருப்பாங்க?

தேனீ:
எம்.ஓ. சார் சொன்ன கடைசி விஷயம்தான் முக்கியம். வேல்ஸில் கிளின்கோரக்னு ஒரு சுரங்கத் தொழிலாளர் கிராமம். ஜூலியன் டியூடர் ஹார்ட் அங்கே கால் நூற்றாண்டு போல குடும்ப டாக்டரா இருந்தார், ஊர்க்காரங்களைக் கூப்பிட்டு பிரஷர் பார்த்தார். தேவை அதிகமா இருக்கிற இடத்தில்தான் நல்ல மருத்துவம் குறைவாக் கிடைக்குதுன்னு 1971-ல் லான்செட் இதழில் எழுதினதும் அவர்தான். ஒரே ஊரில் தங்கினதாலதான் அது அவருக்குத் தெரிஞ்சுது. நம்ம ஊரிலும் குடும்ப மருத்துவம் படிச்சவங்களுக்கு பிஎச்சியிலேயே பதவி உயர்வு கிடைக்கணும். சொல்லிக் கொடுக்கிற நேரத்தைப் பணி நேரமாக் கணக்கில் எடுக்கணும். முதலில் அது, பிறகு ஆறு மாசம்.

மலையடி டாக்டர்:
எல்லாம் சரியாகட்டும்னு காத்திருந்தா இன்னும் பத்து பேட்ச் கிராமத்தைப் பார்க்காமலே டாக்டராயிடும்.

பொன்னி:
டாக்டர் தம்பி, வீடு தேடிப் போய்க் கத்துக்கிறதை நான் தடுக்கலை. ஆனா பரிசோதனை அறைக் கதவைச் சாத்தணும். "இவங்க கத்துக்க வந்தவங்க, கூட இருக்கலாமா"ன்னு கேட்கணும். வேண்டாம்னு சொன்ன பொண்ணை வரிசையின் கடைசிக்குத் தள்ளக் கூடாது. இதையெல்லாம் எழுத்தில் கொடுக்கட்டும், அப்புறம் ஆறு மாசத்தைப் பத்திப் பேசறேன்.