புதுப்பிப்பு: கொடைக்கானல் விடுதி அறையில் பூசணம் – பலித்த யோசனை

ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து கல்லூரி விடுதி அலமாரியில் துணி, புத்தகம், தோல் செருப்பு எல்லாம் பூசணம் பூக்கிறது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி.

பலித்தது, அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கச் சொன்ன அண்ணனின் யோசனைதான். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் வெளிப்புறச் சுவர் இரவில் சில்லிட்டுவிடுகிறது; அறையின் ஈரக்காற்று அதில் பட்டு நீராகப் படிகிறது. இடைவெளி விட்டதும் பின்பலகை காய்ந்தது. வார்டன் அம்மா முதலில் முகம் சுளித்தார். பலகையின் பின்பக்கத்தைக் காட்டியதும் மற்ற அறைகளிலும் நகர்த்தச் சொல்லிவிட்டார்.

கற்பூரம் மணத்தது, அவ்வளவே. அடுப்புக்கரி மூட்டை ஓரளவு உதவியது. ஆனால் அதை அவ்வப்போது வெயிலில் காயவைக்க வேண்டுமாம். கார்த்திகையில் இங்கே வெயிலுக்கு எங்கே போவது?

எதிர்பாராத ஒன்று: அறைக்குள் துணி உலர்த்துவதை நிறுத்திய பிறகு ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிவதும் குறைந்தது. இப்போது கொடி பின்பக்க வராந்தாவில். எது யாருடைய சட்டை என்ற தகராறு தனிக்கதை.

புத்தகங்களை வெளியே எடுத்துப்போய் உலர்ந்த துணியால் துடைத்தேன். பூசணம் போனது, அட்டையில் கறை மட்டும் போகவில்லை.