ஹியர்சே குழுவைக் கலைத்தது யார்?

மெட்டுக்காரன்:
தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பிரிட்டனின் ஐடிவி தொலைக்காட்சி 2001 ஜனவரியில் 'பாப்ஸ்டார்ஸ்' என்ற நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. நியூசிலாந்தில் 1999-இல் பிறந்த வடிவம் அது. ஆயிரக்கணக்கானோர் வந்து பாடிக்காட்டினார்கள். நைஜல் லித்கோ, நிக்கி சாப்மன், பால் ஆடம் ஆகிய மூன்று நடுவர்கள் சலித்துச் சலித்து ஐந்து பேரை நிறுத்தினார்கள்: மைலீன் கிளாஸ், கிம் மார்ஷ், சூசன் ஷா, நோயல் சல்லிவன், டேனி ஃபாஸ்டர். குழுவுக்கு ஹியர்சே என்று பெயர். மார்ச்சில் வெளிவந்த 'ப்யூர் அண்ட் சிம்பிள்' முதல் வாரத்திலேயே ஏறத்தாழ 5.5 லட்சம் பிரதிகள் விற்றது. அதுவரை அந்த நாட்டில் எந்த அறிமுகப் பாடலும் அவ்வளவு வேகமாக விற்றதில்லை. முதல் பாடலும் முதல் பாடல் தொகுப்பும் ஒரே சமயத்தில் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் நின்றன. 2002 அக்டோபரில் குழு இல்லை.

என் கட்சி இது: குழுவைக் கலைத்தது தொலைக்காட்சிதான். மக்கள் வாங்கியது பாடலை அல்ல, வாரக்கணக்கில் பார்த்த கதையின் முடிவை. யார் தேறுவார், யார் அழுதுகொண்டே வீட்டுக்குப் போவார் என்பதுதான் கதை. ஐந்து பெயர்கள் தெரிந்தவுடன் அது முடிந்துவிட்டது. குறுந்தகடு அதன் நினைவுப்பொருள். ஒரே திருவிழாவுக்கு இரண்டு முறை யாரும் பொம்மை வாங்குவதில்லை. பாப் இசைக்குக் கொஞ்சம் மறைவு வேண்டும். தைக்கும்போதே பார்த்துவிட்ட உடையை யார் வியந்து பார்ப்பார்கள்?

செவிக்கு_மட்டும்:
அழகாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஆதாரம் எங்கே? கதை முடிந்ததும் மக்கள் போய்விட்டார்கள் என்றால், இரண்டாவது பாடல் 'தி வே டு யுவர் லவ்' 2001 ஜூலையில் எப்படி முதலிடம் பிடித்தது?

காரணம் பாட்டுதான். 'ப்யூர் அண்ட் சிம்பிள்' இவர்களுக்காகவே எழுதப்பட்டதுகூட அல்ல. கேர்ள் திங் என்ற பெண்கள் குழு அதை முன்பே பதிவு செய்திருந்தது. எழுதிய மூவரில் ஒருவர் அலிசன் கிளார்க்சன். பெட்டி பூ என்ற பெயரில் தானே பாடிப் புகழ்பெற்றவர். பாட்டில் குறையில்லை, பத்து லட்சத்துக்கு மேல் விற்ற பாட்டு. ஆனால் அப்படிப்பட்ட இன்னொன்று இவர்களுக்குக் கிடைக்கவே இல்லை. மார்ச்சில் முதல் தொகுப்பு, அதே ஆண்டு டிசம்பரில் இரண்டாவது! ஒன்பது மாதத்தில் என்ன எழுதி, என்ன பழகி, என்ன பதிவு செய்ய முடியும்? இரண்டாவது தொகுப்பு 24-ஆம் இடத்தோடு நின்றது. சரக்கு தீர்ந்த கடைக்கு யாரும் வரமாட்டார்கள், வாசலில் தொலைக்காட்சி ஓடினாலும் ஓடாவிட்டாலும்.

மெட்டுக்காரன்:
ஒன்பது மாதத்தில் இரண்டு தொகுப்பு போட வைத்தது யார்? சூடு ஆறுவதற்குள் விற்றாக வேண்டும் என்ற அவசரம் தொலைக்காட்சியிலிருந்துதான் வந்தது. நீங்கள் என் கட்சிக்கே சாட்சி சொல்கிறீர்கள். ஜூலைப் பாடல் முதலிடம் பிடித்தது உண்மை, ஆனால் விற்பனையில் முதல் பாடலின் பக்கத்தில்கூட வரவில்லை. அடுத்தது நான்காம் இடம். சரிவு எங்கே தொடங்கியது என்று பாருங்கள்.

ஈஸ்ட்ஹாம்_வாசி:
நீங்கள் இருவரும் பட்டியலை வைத்துச் சண்டை போடுகிறீர்கள். நான் அப்போது லண்டனில் வசித்தவன். அந்த ஆண்டு முதல் பாதியில் எந்தப் பத்திரிகையைத் திறந்தாலும் இந்த ஐவர். பிற்பாதியிலும் அதே ஐவர்தான், ஆனால் தொனி மாறிவிட்டது. புகழ்ந்த வாயே இகழத் தொடங்கியது. கலைந்தபோது தாங்கள் வெளியிடங்களில் வாங்கிய ஏச்சையும் ஒரு காரணமாக அவர்களே சொன்னார்கள்.

ஆனால் எனக்குத் தெரிந்து எல்லாவற்றையும் முறித்தது ஜானி ஷென்டால் விவகாரம். 2002 ஜனவரியில் கிம் மார்ஷ் விலகினார். அவருடைய இடத்துக்குத் திறந்த தேர்வு என்று அறிவித்தார்கள். பெருங்கூட்டம் வந்து வரிசையில் நின்றது. கடைசியில் தேர்வானவர், இந்தக் குழுவின் பின்னால் முன்பே நடனமாடிய ஒருவர்! ஸ்டெப்ஸ் குழுவின் லிசா ஸ்காட்-லீக்கு நிச்சயிக்கப்பட்டவரும்கூட. அவருக்குத் திறமை இருந்திருக்கலாம், தேர்வு நேர்மையாகவே நடந்திருக்கலாம். அதைப் பற்றி யாருக்குக் கவலை? வரிசையில் நின்றவர்களும் அவர்களுடைய வீட்டாரும் ஏமாற்றப்பட்டதாக நினைத்தார்கள். என் கடைக்கு வரும் வாடிக்கையாளர்கள் பாட்டைப் பற்றிப் பேசவே இல்லை, இதைப் பற்றித்தான் பேசினார்கள்.

மெட்டுக்காரன்:
அண்ணா, மிகச் சரி. ஒரு சாதாரண இசைக்குழுவில் கிட்டார் வாசிப்பவர் போய் அவருடைய நண்பர் வந்தால் யாராவது கேள்வி கேட்பார்களா? ஹியர்சேயிடம் கேட்டார்கள். ஏனென்றால் அந்தக் குழுவின் ஒரே சொத்து, யார் வேண்டுமானாலும் வந்து பாடிக்காட்டித் தேறலாம் என்ற நம்பிக்கை. தொலைக்காட்சி தந்த அந்தச் சொத்தில் கீறல் விழுந்ததும் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். ஷென்டால் சேர்ந்த அதே 2002 பிப்ரவரியில் அதே ஐடிவியில் 'பாப் ஐடல்' என்ற பாட்டுப் போட்டியின் இறுதிச்சுற்று. வில் யங் வென்றார். அவருடைய முதல் பாடல் ஒரே வாரத்தில் 11 லட்சத்துக்கு மேல் விற்று ஹியர்சேயின் சாதனையை விழுங்கிவிட்டது. பெற்ற தாய்க்கு அடுத்த பிள்ளை பிறந்துவிட்டது, மூத்ததைத் திரும்பிப் பார்க்க நேரமில்லை.

நிலா_வாசகி:
இவ்வளவு பேர் பேசியும் கிம் மார்ஷ் என்ற மனுஷியைப் பற்றி ஒரு வரி இல்லை. 'விலகினார்' என்று ஒரே சொல்லில் கடந்துவிட்டீர்கள்.

தேர்வு நடந்தபோது தனக்கு இரண்டு குழந்தைகள் இருப்பதை அவர் மறைத்தார். ஏன் மறைக்க வேண்டியிருந்தது என்று யாராவது யோசித்தீர்களா? இருபத்துச் சொச்சம் வயதில், இரண்டு குழந்தைகளோடு, பாப் குழுவில் இடம் கேட்கும் பெண்ணை எந்தக் கண்ணால் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். நடுவர் லித்கோ அவருடைய உடல் எடையை கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே கிண்டல் செய்தார். அதை அந்த நாடே வேடிக்கை பார்த்தது. இவர்தான் பிறகு ஓராண்டு முழுக்க மேடையிலும் பேட்டியிலும் சிரித்துக்கொண்டு நின்றார். குழுவுக்குள் மனக்கசப்பு என்று பத்திரிகைகள் எழுதின. ஒருவரையொருவர் அறியாத ஐந்து பேரைப் பிடித்து ஒரே வண்டியில் ஏற்றினால் மனக்கசப்பு வராமல் என்ன வரும்? நண்பர்களாகத் தொடங்கும் குழுக்களே உடைகின்றன. இவர்கள் சண்டை போட்டுச் சமாதானமாகும் அளவுக்குக்கூடப் பழகவில்லை.

கலைந்த பிறகு என்ன ஆனது என்று பாருங்கள். கிம் 2003-இல் தனியாகப் பாடிய 'க்ரை' இரண்டாம் இடம் வரை போனது. 2006 முதல் 2019 வரை 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' தொடரில் நடித்தார். மைலீன் கிளாஸ் தொகுப்பாளராக நிலைத்தார். சூசன் ஷா 2008-இல் 'டான்சிங் ஆன் ஐஸ்' போட்டியில் வென்றார். நோயல் சல்லிவன் இசை நாடக மேடைக்குப் போனார். ஆக, ஆட்களிடம் குறை இல்லை. அவர்களுக்குக் கிடைத்த வேலை மோசமான வேலை. அதிலிருந்து வெளியேறியதற்கு 'வீழ்ச்சி' என்று பெயர் வைக்கிறீர்கள்.

செவிக்கு_மட்டும்:
நிலா சொல்வதில் பெரும்பகுதி நியாயம். ஆனால் அதே வேலையில் வேறு சிலர் நிலைத்தார்களே? அதற்கு மெட்டுக்காரனிடம் பதில் இருக்கிறதா?

முதல் கேள்வி, லிபர்ட்டி எக்ஸ். அதே 'பாப்ஸ்டார்ஸ்' நிகழ்ச்சியில் கடைசிப் பத்துப் பேரில் கழிக்கப்பட்ட ஐவர்: கெவின் சிம், டோனி லண்டன், மிஷெல் ஹீட்டன், ஜெசிக்கா டெய்லர், கெல்லி யங். பத்திரிகைகள் 'ஃப்ளாப்ஸ்டார்ஸ்' என்று கேலி செய்தன. வைத்துக்கொண்ட 'லிபர்ட்டி' என்ற பெயரிலேயே பழைய குழு ஒன்று இருந்ததால் வழக்கில் தோற்று, வாலில் ஒரு 'எக்ஸ்' ஒட்டிக்கொண்டார்கள். 2002 மே மாதம் 'ஜஸ்ட் எ லிட்டில்' முதலிடம். 2003-இல் சிறந்த பிரிட்டிஷ் பாடலுக்கான பிரிட் விருது. 2007 வரை ஓடினார்கள். கழித்தவர்கள் ஜெயித்தார்கள், எடுத்தவர்கள் கலைந்தார்கள். இது பாட்டின் வேலை இல்லாமல் வேறென்ன?

இரண்டாவது கேள்வி, கேர்ள்ஸ் அலவுட் என்ற பெண்கள் குழு. அவர்கள் கழிக்கப்பட்டவர்களும் அல்ல, வென்றவர்கள். 2002 கடைசியில், அதே ஐடிவியில், 'பாப்ஸ்டார்ஸ்: தி ரைவல்ஸ்' நிகழ்ச்சியில் உருவானவர்கள். அந்தக் கிறிஸ்துமஸுக்கே முதலிடம். தொடர்ந்து 20 பாடல்கள் முதல் பத்துக்குள். தொலைக்காட்சி கொல்லும் என்றால் இவர்களை ஏன் கொல்லவில்லை?

மெட்டுக்காரன்:
லிபர்ட்டி எக்ஸ் என் பக்கத்துச் சாட்சி. தொலைக்காட்சி அவர்களைத் தோற்றவர்கள் என்று அறிவித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டது. யாரும் எதையும் எதிர்பார்க்கவில்லை. அதனால்தான் மூச்சு விட நேரம் கிடைத்தது. வேறு நிறுவனத்தில், ரிச்சர்ட் பிரான்சனின் வி2-வில் சேர்ந்தார்கள். வென்றவர்களின் கதை திரையிலேயே முடிந்தது. இவர்களுடைய கதை அங்கிருந்துதான் தொடங்கியது.

கேர்ள்ஸ் அலவுட் வேறு வகை. ஹியர்சேயைத் தேர்ந்தெடுத்தது மூன்று நடுவர்கள். 2002-இல் பார்வையாளர்கள் தொலைபேசியில் வாக்களித்தார்கள். காசு செலவழித்து வாக்களித்தவனுக்கு அந்தக் குழு 'நம்முடையது' ஆகிவிடுகிறது. அவன் எளிதில் கைவிட மாட்டான்.

செவிக்கு_மட்டும்:
இந்தப் பதிலுக்காகத்தான் காத்திருந்தேன். அந்த நிகழ்ச்சியில் பெண்கள் குழு மட்டுமா வந்தது? ஒன் ட்ரூ வாய்ஸ் என்று ஆண்கள் குழுவும் வந்ததே! அதே மேடை, அதே வாக்கு, அதே வாரம் போட்டி. தயாரிப்பாளர் பீட் வாட்டர்மன் அவர்களுக்குக் கொடுத்தது பீ ஜீஸ் குழு ஏற்கெனவே பாடிய பாட்டின் மறுபதிப்பு. பிரையன் ஹிகின்ஸின் ஜெனோமேனியா என்ற பாடல் தயாரிப்பு அணி பெண்களுக்குக் கொடுத்தது 'சவுண்ட் ஆஃப் தி அண்டர்கிரவுண்ட்'. டிரம்மும் கிட்டாரும் நெருக்கியடித்து ஓடும் பாட்டு. தொலைக்காட்சிப் போட்டியில் வென்றவர்கள் கண்ணீர் மல்கப் பாடும் மெல்லிசைக்கு நேர் எதிர். ஆண்களுக்கு இரண்டாம் இடம். மொத்தம் இரண்டே வெளியீடுகள், 2003-இல் மூட்டை கட்டினார்கள். வாக்களித்தவன் கைவிட மாட்டான் என்றீர்களே, ஓராண்டுகூட அவனால் தாங்க முடியவில்லை.

இதைவிடச் சுத்தமான பரிசோதனை கேட்டாலும் கிடைக்காது. தொலைக்காட்சி இரண்டு பக்கமும் ஒன்று, மாறியது பாட்டு ஒன்றுதான்.

ஈஸ்ட்ஹாம்_வாசி:
அந்த ஆண்கள் குழுவின் பெயரை நான் அடியோடு மறந்துவிட்டிருந்தேன். தம்பிக்கு நல்ல ஞாபகம்.

அடையாறு_ரசிகை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நம் நாட்டிலும் இதே வடிவம் வந்தது. சானல் வி 2002-இல் நடத்திய 'பாப்ஸ்டார்ஸ்' நிகழ்ச்சியில் விவா என்ற ஐந்து பெண்கள் குழு உருவானது. அதில் ஒருவரான நேஹா பாசின்தான் பிறகு 'சத்தம் போடாதே' படத்தில் யுவன் சங்கர் ராஜா இசையில் 'பேசுகிறேன் பேசுகிறேன்' பாடியவர். நம்மில் பலருக்கு அந்தப் பாட்டு தெரியும், விவா தெரியாது. விவா சில ஆண்டுகளிலேயே கலைந்துவிட்டது. இங்கே குழு உடைந்தால் பாடகரை விழுங்கிக்கொள்ள சினிமா வாயைத் திறந்து வைத்திருக்கிறது. நம் தொலைக்காட்சிகள் இத்தனை பாட்டுப் போட்டி நடத்தியும் நிலைத்த குழு எதையும் உருவாக்காததற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வெற்றியின் பரிசே பின்னணிப் பாடல் வாய்ப்பாக இருக்கும்போது யார் குழுவாக நிற்பார்கள்?

நிலா_வாசகி:
இதற்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

மெட்டுக்காரன், செவிக்கு_மட்டும், உங்கள் இருவரிடமும் ஒன்று. நல்ல பாட்டு யாருக்குப் போகும் என்பதை முடிவு செய்வது பாடுபவர்கள் அல்ல. ஹியர்சே ஐவரில் யாரும் தங்கள் இரண்டாவது தொகுப்பை டிசம்பருக்குள் கொடுங்கள் என்று கெஞ்சவில்லை. 'பாட்டு சரியில்லை' என்று நீங்கள் சொல்வதும் 'தொலைக்காட்சி கொன்றது' என்று அவர் சொல்வதும் ஒரே அலுவலக அறையில் ஒரே மேசையைச் சுற்றி எடுத்த முடிவுகளைப் பற்றித்தான்.

செவிக்கு_மட்டும்:
அந்த மேசையில் ஹிகின்ஸ் போன்ற ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்பதுதான் என் வாதமும். கேர்ள்ஸ் அலவுட் 2013 வரை குழுவாகவே இருந்தார்கள். 2021-இல் சாரா ஹார்டிங் இறந்த பிறகும், மீதி நால்வரும் 2024-இல் சுற்றுப்பயணம் போனார்கள். இருபது ஆண்டு கழித்தும் அரங்குக்கு வந்தவர்கள் 2002 வாக்கெடுப்பை நினைத்தா வந்தார்கள்? லிபர்ட்டி எக்ஸும் 2013-இல் மேடை ஏறினார்கள்.

மெட்டுக்காரன்:
லிபர்ட்டி எக்ஸ் எந்த நிகழ்ச்சிக்காக மேடை ஏறினார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். 'தி பிக் ரீயூனியன்', ஐடிவி2. பிரித்த தொலைக்காட்சியேதான் கூப்பிட்டுச் சேர்த்தது. ஹியர்சே அந்த நிகழ்ச்சியில் இல்லை.

செவிக்கு_மட்டும்:
கூப்பிட்டால் மூன்றாவதாக எந்தப் பாட்டைப் பாடுவார்கள் என்று சொல்லுங்கள், நான் ஒப்புக்கொள்கிறேன்.