புளோக் பி குடும்பம், பாயான் பாரு, பினாங்கு (வாட்ஸ்அப் குழு)

*டீச்சர் 9ஆம் மாடி:* வணக்கம் எல்லாருக்கும். பள்ளி திறக்கப் போகுது. என் சிறப்புக்கல்வி வகுப்புக்குக் கொஞ்சம் பழைய சாமான் வேணும். புதுசு வாங்காதீங்க. திருகு மூடி போட்ட ஊறுகாய் போத்தல், துணி கிளிப்பு, பெரிய பட்டன் வச்ச பழைய சட்டை, சாவியோட பூட்டு. இருந்தா கீழே செக்யூரிட்டி கார்டு ரூம்ல வைங்க.

*தையல் அக்கா:* பூட்டா? பூட்ட வச்சி என்னா படிப்பு டீச்சர் 😄

*டீச்சர் 9ஆம் மாடி:* விரலுக்குப் பலம் வரணும்க்கா. திருகி, அமுக்கி, சாவியப் போட்டுத் திருப்பிப் பழகினாதான் பென்சில் நிக்கும். என் வகுப்புல ஒரு பையன், 8 வயசு. பென்சிலக் கண்டாலே மேசைக்கு அடியில போயிருவான். பூட்ட குடுத்தா அசையாம உக்காந்திருப்பான். தொறந்ததும் என்னைப் பார்த்து ஒரு தடவ சிரிப்பான், மறுபடி பூட்டிருவான்.

*2-1 தம்பி:* ஆன்லைன்ல இதெல்லாம் செட்டாவே விக்கிறாங்க டீச்சர். கலர் கலரா இருக்கு

*டீச்சர் 9ஆம் மாடி:* கலரப் பார்த்து ஏமாந்தவ நான்தான் தம்பி. போன வருசம் படம் ஒட்டுற அட்டைக்கு வெல்க்ரோ ஒட்டுப்பட்டை ரெண்டு சுருள் வாங்கினேன். ராத்திரி 11 மணி வரைக்கும் உக்காந்து 60 அட்டை லமினேட் பண்ணி, பின்னால எல்லாம் ஒட்டியாச்சு. போர்டுல வச்சா விழுது. இன்னொரு தடவ வச்சேன், விழுது. அப்புறம்தான் தடவிப் பார்க்கிறேன், ரெண்டு சுருளும் சொரசொரப்புப் பக்கம்! கடைக்காரனுக்கு மெசேஜ் போட்டேன், இன்னிக்கு வரைக்கும் பதில் இல்ல.

*தையல் அக்கா:* அய்யய்யோ. கொக்கிக்குக் கொக்கி எங்க ஒட்டும். பஞ்சுப் பக்கம் எங்கிட்ட மிச்சம் கெடக்கு, 5 மீட்டர் வரும். பஞ்ச அட்டையில ஒட்டவா போர்டுலயா?

*டீச்சர் 9ஆம் மாடி:* அட்டையில. பிள்ளைங்க கையில வச்சிருக்கிறது மெத்துனு இருக்கட்டும். ஒரு அட்டைய ஒரு மாதிரியும் இன்னொண்ண வேற மாதிரியும் ஒட்டினாத்தான் வம்பு.

*பாட்டி 3-4:* பாட்டி சொல்ல பேரன் டைப் பண்றேன். பல்லாங்குழிக்கு வச்சிருந்த குன்றிமணி ஒரு மைலோ டின் நெறைய இருக்காம். எண்ணிப் பழக நல்லதாம்

*டீச்சர் 9ஆம் மாடி:* தம்பி, செவப்புல கருப்புக் கண்ணு இருக்கான்னு பாரு

*பாட்டி 3-4:* இருக்கு

*டீச்சர் 9ஆம் மாடி:* அப்ப வேணாம்மா. டின்ன உயரத்துல வைக்கச் சொல்லு. அது நஞ்சு, கடிச்சு மென்னுட்டா உயிருக்கே ஆபத்து. சாகா மரத்துல (ஆனைக்குன்றிமணி) விழுமே, முழுக்கச் செவப்பா, அது வேற. அதையும் எல்லார் கையிலயும் குடுக்க மாட்டேன். எங்கிட்ட ரெண்டு பிள்ளைங்க கெடைச்சதெல்லாம் வாயில போட்டுருவாங்க.

*பாட்டி 3-4:* பாட்டி கோச்சிக்கிட்டாங்க. அவங்க காலத்துல அதுலதான் வெளையாடினாங்களாம் 🙈

*ஓய்வு ஹெட்மாஸ்டர்:* எங்க வீட்ல சொங்காக் பலகை, நம்ம பல்லாங்குழி மாதிரி, ஒன்னு சும்மா கெடக்கும்மா. இந்தப் பக்கம் 7, அந்தப் பக்கம் 7, கோடியில ரெண்டு வீடு.

*டீச்சர் 9ஆம் மாடி:* ஐயா, அதத்தான் தேடிட்டு இருந்தேன்! எங்க பிள்ளைங்க எண்ணுறப்ப வாய் 6க்குப் போயிரும், கை 3ல நிக்கும். குழிக்கு ஒன்னா போடச் சொன்னா வாய் கைக்காகக் காத்திருக்கும். விதைக்குப் பதிலா பெரிய போத்தல் மூடி போட்டுக்கிறேன்.

*ஓய்வு ஹெட்மாஸ்டர்:* விரலால தடவிப் பழக உப்புத்தாள்ல எழுத்து வெட்டித் தரட்டுமா? மான்டிசோரி அம்மையார் செஞ்ச முறை. 1907ல ரோம்ல பள்ளி தொறக்கறதுக்கு முன்னாடியே கற்றல் சிரமம் உள்ள பிள்ளைங்களோட வேலை செஞ்சவங்க. 1939ல நம்ம அடையாறுக்கும் வந்தாங்க. நாமதான் அதுக்கு முன்னாடியே அரிசியில விரல் பிடிச்சு எழுத வச்சோம்.

*2-1 தம்பி:* 247ம் வெட்டப் போறீங்களா சார் 😂

*டீச்சர் 9ஆம் மாடி:* 247 வேணாம் ஐயா. அவனவன் பேர்ல இருக்கிற எழுத்து போதும், மூனோ நாலோ. வழவழப்புத் தாளா பாருங்க. மொரடு வாங்கினா பிஞ்சு விரல் எரியும். விரல் வைக்க வேண்டிய எடத்துல ஒரு பச்சைப் புள்ளி போட்ருங்க. நம்ம எழுத்துல பாதி சுழிதானே, எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியாமத்தான் தவிக்கிறாங்க.

*6-2 அண்ணி:* ரவையில எழுதலாமே, ஒரு கிலோ தரேன்

*டீச்சர் 9ஆம் மாடி:* தட்டுல ரவைதான் போட்டிருந்தேன் அண்ணி. மறுநாள் காலையில வகுப்பு முழுக்க எறும்பு. பாடம் நடக்கல, எறும்பு பார்க்கிறதுலயே போச்சு. இப்ப உப்பு போடறேன். கையில புண்ணு இருக்கிற பிள்ளைக்கு மட்டும் குடுக்கிறதில்ல.

*2-1 தம்பி:* என் தங்கச்சியோட வெளையாட்டுக் காசு இருக்கு, பிளாஸ்டிக்

*டீச்சர் 9ஆம் மாடி:* நிஜ சில்லறை இருந்தா கடனா குடுங்க. பிளாஸ்டிக்க நீட்டிப் பழகினவன் கேண்டீன்ல உண்மைக் காசப் பார்த்து முழிப்பான். 2012ல வந்த நம்ம மலேசியக் காசுல 20 சென்னும் 50 சென்னும் ரெண்டுமே மஞ்சள் வேற. தொட்டுத் தொட்டுத்தான் 50 பெருசுன்னு பிடிபடுது.

*கார்டு அங்கள்:* டீச்சர், சாமான் வர ஆரம்பிச்சிருச்சி. பூட்டு 4. ரெண்டுக்கு சாவி இல்ல. ஊறுகாய் போத்தல் ஒன்னுல இன்னும் ஊறுகாய் இருக்கு.

*6-2 அண்ணி:* அது டீச்சருக்கு! மாங்கா ஊறுகா. தின்னுட்டு போத்தல வச்சிக்கச் சொல்லுங்க

*கார்டு அங்கள்:* தொறக்க முடியல. நான் திருகிப் பார்த்துட்டேன்

*டீச்சர் 9ஆம் மாடி:* நீங்களும் திங்கக்கிழமை வகுப்புக்கு வாங்க அங்கள் 😄